எழுபத்திரண்டு மணி நேரம், வாய் திறந்தபடி

சோதனை வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு முடிந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்தில் கார்டு ஒரு முறைகூட விழவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'தேறியது' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டு, மாமாவுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கார்டு விழுந்து எழுந்திருந்தது.

விழுவது என்றால் மேசையிலிருந்து அல்ல. அந்தக் கார்டு சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு மின்சுற்றுப் பலகை. செல்போன் கோபுரத்தின் அடியில் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த வட்டாரத்தின் அத்தனை அழைப்புகளையும் வாங்கிப் பிரித்து அனுப்பும். அது நின்றுபோனால் யாருக்கும் போன் கிடைக்காது. உள்ளே காவல் நாய் என்று ஒரு கடிகாரம் உண்டு. கார்டு அசையாமல் கிடந்தால் அதுதான் அடித்து எழுப்பும். எழுந்து முகம் கழுவித் தயாராக நான்கு நிமிடம் ஆகும்.

கார்டைச் செய்வது வேறு கம்பெனி. அதன் மேல் ஓடும் செயலிகளை எழுதுவது இன்னொரு கம்பெனி. நடுவில் இருக்கும் அடித்தள மென்பொருள் மட்டும் எங்களுடையது. அதைப் பிளாட்ஃபாரம் என்போம். "ரயிலே வராத பிளாட்ஃபாரத்துல புருஷனும் தம்பியும் வேலை பாக்கறாங்க" என்று அக்கா யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். புருஷன் என்பது மாமா, இந்தக் குழுவின் தலைவர். தம்பி நான். வீட்டில் அவர் மாமா, ஆபீஸில் சார். கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு இந்தச் சோதனைக் கூடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர். அவர் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன்.

ஆறு வருடம் இரவு ஷிப்டில் இருந்தேன். அதனால் கூடத்தில் எல்லோருக்கும் நான் ஆந்தை. அக்காவின் நச்சரிப்பால் மூன்று வாரத்துக்கு முன் பகலுக்கு மாறினேன். உடம்புக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. காலை பத்து மணிக்குக் கண் எரியும், வாய் கசக்கும், உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆட ஆரம்பிக்கும். பக்கத்து மேசைக்காரர் தன் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

திரையில் பதிவைத் தேடினேன். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு விழுந்திருக்கிறது. நான் சோதனையை முடித்துவிட்டு ஒன்பது பன்னிரண்டுக்கு ஒரே ஒரு கட்டளை தட்டியிருந்தேன். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம். வேறு எதையும் யாரும் தொடவில்லை.

அந்தக் கட்டளை என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கார்டு தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் திரையில் எழுதிக்காட்டும். அதற்கு லாக் என்று பெயர். எவ்வளவு எழுத வேண்டும் என்று நாம் சொல்லலாம். கோபுரத்துக்குப் போகும்போது அநேகமாக ஒன்றுமே எழுதாது. அதை வாய் மூடிய நிலை என்போம். வாயைத் திறந்துவிட்டால் வரி வரியாகக் கொட்டும். சோதனை விதிப் புத்தகத்தின் பதினாலாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: சோதனை முழுவதும் கார்டு வாய் மூடியே இருக்க வேண்டும், கோபுரத்தில் எப்படி இருக்குமோ அப்படி.

எனக்கு அது தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். ஆறு வருடமாக நான் வாயைத் திறந்துதான் வைத்திருந்தேன். ஜன்னல் இல்லாத கூடம், மின்விசிறிகளின் இரைச்சல், ஸ்வெட்டர் போட்டும் விறைக்கிற ஏசி, எதிரே அசையாத கறுப்புத் திரை. எட்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வாயைத் திறந்துவிட்டால் வெள்ளை எழுத்து ஓடும். ஏதோ ஒன்று நடக்கிற மாதிரி இருக்கும். ஷிப்ட் முடியும்போது மூடிவிடுவேன். அடுத்த ஆள் போனதும் நெட்வொர்க் வழியாக வீட்டிலிருந்தே மறுபடி திறந்துவிடுவதும் உண்டு; மறுநாள் வந்தவுடன் மேலே தள்ளிப் பார்க்க வரிகள் இருக்க வேண்டும் எனக்கு. இந்தப் பழக்கத்தால் எந்தக் கார்டுக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் அவையெல்லாம் ஒரே மூளை உள்ள பழைய சிப் போட்ட கார்டுகள்.

இது எட்டு மூளைக் கார்டு. முதல் கார்டு. எட்டு கோர்கள் ஒரே சிப்பில், ஒரே நேரத்தில் வேலை செய்யும். இந்தச் சோதனைக்கு இரவில் ஆள் போடவில்லை, அதனால் நடுவில் மூடவே இல்லை; மூன்று நாளும் அது வாய் திறந்தபடிதான் ஓடியது. ஒன்பது பன்னிரண்டுக்கு நான் தட்டியது அந்த வாயை மூடும் கட்டளை.

மூன்று மணிக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வாளர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை ஏழு கோபுரங்களில் இந்தக் கார்டு ஏறும்.

கத்தரியைத் தேடிக்கொண்டு போனேன்.

கத்தரி எங்கள் குழுவில் கோடு, அதாவது நிரல், சேர்ப்பவள். பத்துப் பேர் எழுதுவதை வாங்கி, வேண்டாததை வெட்டி, ஒன்றாகத் தைப்பாள். யாருடைய கோடு என்று பார்க்கமாட்டாள், யாருடைய மனம் என்றும் பார்க்கமாட்டாள். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவள்.

"என்ன ஆந்தை, வெயில்ல கண்ணு தெரியுதா?" என்றாள்.

"கார்டு விழுந்துடுச்சுங்க."

"தேறிடுச்சுன்னு இப்பதானே மெயில் வந்துச்சு?"

"தேறினப்புறம் விழுந்துச்சு."

சொன்னேன். பதினாலாம் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் நாற்காலியைத் திருப்பி என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நட."

பத்து இருபதுக்குக் கார்டை வாய் மூடி ஓட விட்டோம். சுமைப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான பொய்ப் போன்களைப் போல நடித்துக் கார்டை அழைத்துக்கொண்டே இருக்கும். மூன்று நாள் சோதனைக்கு ஐயாயிரம் அழைப்பு. அதையே வைத்தோம். கத்தரி ஸ்டூலில் உட்கார்ந்து நகம் கடித்தாள். என்னால் உட்கார முடியவில்லை. கார்டு மாட்டியிருந்த ரேக்கைச் சுற்றி நடந்தேன்.

"சுத்தாதே. தலை சுத்துது."

பதினேழாவது நிமிடம் எண்கள் நின்றன. ஐயாயிரம் என்பது அப்படியே ஐயாயிரமாக உறைந்தது. பிறகு பூஜ்யம்.

கத்தரி ஸ்டூலைத் திரைக்கு அருகே இழுத்தாள். விழும் நொடியில் கார்டு தன் நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுத்தான் விழும். அதைத் திறந்து அரை மணி நேரம் படித்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"ரெண்டு பேர் ஒரே பட்டியல்ல கை வெச்சிருக்காங்க" என்றாள் கடைசியில்.

"யாரு?"

"ரெண்டாவது கோரும் ஆறாவது கோரும். அழைப்புப் பட்டியல். ஒண்ணு எழுதிட்டிருக்கும்போதே இன்னொண்ணு அழிச்சிருக்கு. பூட்டு போட்டிருக்கணும்."

"போடலையா?"

"போட்டிருக்கு. அதான் வேடிக்கை." திரையை என் பக்கம் திருப்பினாள். "நீ வீட்ல தனியா இருக்கே. குளிக்கப் போறே. குளியலறைக் கதவைத் தாழ் போடுவியா?"

"மாட்டேன்."

"வாசக்கதவைப் பூட்டினாப் போதும், இல்லையா? வெளியேருந்து யாரும் வரமாட்டாங்க. இந்தக் கோடு அப்படித்தான். பட்டியலைத் தொடறதுக்கு முன்னாடி வாசக்கதவைப் பூட்டுது. ஒத்த மூளைக்கு அது சரி. இப்ப வீட்டுக்குள்ளயே எட்டுப் பேர். வாசலைப் பூட்டி என்ன பிரயோஜனம்? ஏழு பேரும் துண்டோட உள்ளதான் நிக்கிறான்."

"அப்ப மூணு நாள் எப்படி ஓடுச்சு?"

"நீதான் எல்லார் கையிலயும் பேனாவைக் குடுத்து எழுது எழுதுன்னு உக்கார வெச்சியே. லாக் எழுதற வழி ஒண்ணே ஒண்ணு, அதுவும் மெதுவானது. ஒவ்வொருத்தனும் அதுக்கு வரிசையில நிக்கிறான். வரிசையில நிக்கிறவங்க முட்டிக்க மாட்டாங்க." சிரித்தாள். சிரிப்பில் ஒன்றும் இல்லை. "கோப்பு யார் எழுதினதுன்னு பாரு."

கோப்பின் தலையில் தேதி இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முந்தையது. இரண்டு எழுத்தில் மாமாவின் கையொப்பம். அதன் கீழே ஒரு வரிக் குறிப்பு: பல ஆண்டுகளாகக் குறையின்றி ஓடுகிறது, மாற்ற வேண்டாம்.

"எட்டு மூளைக்கு மாறும்போது எல்லாக் கோப்பையும் பாத்தோம்னு சொன்னீங்களே?"

"முந்நூத்திச் சொச்சம் பாத்தோம். நிரூபிக்கப்பட்டவைன்னு ஒரு பட்டியல் போட்டு இருபது கோப்பைப் பாக்க வேண்டாம்னு எடுத்தது யாரு? உங்க மாமா. கீழ கையெழுத்தும் இருக்கு." நகத்தைத் துப்பினாள். "மாமனும் மச்சினனும் நல்லா சேர்ந்தீங்கப்பா. அவரு ஓட்டை போட்டாரு, நீ அது மேல துணியைப் போட்டே."

மாமாவின் அறைக்குப் போகும்போது பதினொன்றரை. கண்ணாடி அறை. உள்ளே அவர் மூன்று மணிக் கூட்டத்துக்கான படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேசையில் என் அறிக்கை, நான்கு பிரதி. மூலையில் வெள்ளை நூலால் கட்டியிருந்தது.

"மாமா..."

"ஆபீஸ்."

"சார். கார்டு விழுந்துடுச்சு சார். ரெண்டு தடவை."

எல்லாவற்றையும் சொன்னேன். என் பங்கைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்தது. "ஆறு வருஷமாவா? ஆறு வருஷமா இதையா பண்ணிட்டிருந்தே? உனக்கு வேடிக்கை பாக்கணும்னா டிவி பாருடா!" கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தினார். அவருடைய கோப்பைப் பற்றிச் சொன்னபோது முகத்தின் சிவப்பு வடிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கத்திக்கொண்டே இருந்திருக்கலாம்.

வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"வாய் திறந்திருந்தா விழல. அதானே?"

"ஆமா."

"அப்ப திறந்தே அனுப்பிடலாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"திங்கக்கிழமை போற கார்டுல முழு லாக்கையே வழக்கமா வெச்சிடுவோம். மேம்பட்ட கண்காணிப்புன்னு பேர் போட்டாப் போச்சு. கேட்டா சந்தோஷம்தான் படுவாங்க. பத்து நாள். பத்தே நாள்ல நான் உக்காந்து அந்தப் பூட்டைச் சரி பண்ணி அடுத்த வெர்ஷன்ல அனுப்பிடறேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாம முடிஞ்சிடும்."

"வாய் திறந்திருந்தா கார்டு ஆறாயிரத்துக்கு மேல தாங்காது சார். பன்னிரண்டாயிரம் தாங்கும்னு சொல்லியிருக்கோம்."

"அதை எப்ப சோதிச்சோம்? வாய் மூடி, பதினஞ்சு நிமிஷம். தேறுச்சா? தேறுச்சு. அது தனி, இது தனி." எழுந்து என் பக்கம் வந்தார். தோளில் கை வைத்தார். வீட்டுக்குரல் வந்தது. "பன்னிரண்டாயிரம் எப்பவோ ஒரு நாள் வர்ற கூட்டம்டா. பத்து நாள்ல வந்துடப் போவுதா? நீ பேசாம இரு. கார்டு பேசட்டும்."

வெளியே வந்தேன். சாப்பிடப் போகவில்லை. படிக்கட்டில் ஏறினேன், இறங்கினேன். நான்காவது மாடிக்கும் தரைக்கும் நடுவே எத்தனை படி என்று எனக்கு இப்போதும் தெரியும். எண்பத்தெட்டு.

பத்து நாள் என்கிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு செமஸ்டர் லீவு என்று சொல்லித்தான் நான் கல்லூரியை விட்டேன். ஒன்பது வருடம் ஆகிறது. அந்தப் பத்து நாளில் அவருக்கு வேறு வேலை வரும். கார்டு நன்றாகத்தானே ஓடுகிறது என்று இருக்கும். பிறகு அந்தக் கோப்பின் தலையில் இன்னொரு குறிப்பு ஏறும்.

சொன்னால் என் வேலை போகும். அதில் சந்தேகமே இல்லை. விதியை மீறியவன் நான், கையெழுத்துப் போட்டவன் நான். மாமாவுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அக்கா என்ன சொல்வாள் என்பது தெரியும்.

படிக்கட்டில் கத்தரி எதிரே வந்தாள். மாமா சொன்னதைச் சொன்னேன்.

"எங்கிட்டயும் சொல்லிட்டாரு. வாய் திறந்தே தைக்கச் சொல்லிட்டாரு." கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். "ஒரு வட்டாரத்துல பன்னிரண்டாயிரம் பேர் ஒரே நேரத்துல போனைத் தூக்கற நாள் எப்படிப்பட்ட நாளா இருக்கும்னு யோசிச்சியா? பொழுது போகலைன்னா தூக்குவாங்களா?"

"நீங்க சொல்லலாமே."

"நான் என்னன்னு சொல்றது? அறிக்கை தப்புன்னு சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க. வாயைத் திறந்தது நீ. நீ சொன்னாத்தான் அது சாட்சி. நான் சொன்னா கோள்."

இரண்டேமுக்காலுக்கு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கோழையின் யோசனைதான். ஆய்வாளருக்குக் கார்டை ஓடவிட்டுக் காட்டுவது வழக்கம். அவர் கூடத்துக்கு வருவதற்கு முன் நான் வாயை மூடிவிட்டால், கார்டு அவர் கண் முன்னாலேயே விழும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

மூடினேன். ஐயாயிரம் அழைப்பை ஏற்றினேன். மணி மூன்று ஐந்து.

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு சின்ன ஃபிளாஸ்க். யார் கொடுத்த டீயையும் குடிக்கமாட்டார். மாமா முன்னால் வந்து கதவைத் திறந்துவிட்டார். கத்தரி பின்னால்.

"இதுதான் அந்த எட்டு மூளையா?" என்றார் ஆய்வாளர், குனிந்து. "சத்தம் பலமாத்தான் இருக்கு."

"விசிறிதான் மேடம்" என்று மாமா சிரித்தார். சிரிப்போடு திரையைப் பார்த்தார். கறுப்பாக, அசையாமல் இருந்தது. ஒரு ஓரத்தில் அழைப்பு எண்ணிக்கை மட்டும். சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. நான் தரையைப் பார்த்தேன்.

ஆய்வாளர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "கூட்ட அறைக்குப் போக வேண்டாம். இங்கயே பாத்துடறேன்." அறிக்கையின் நூலை அவிழ்த்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். விரலை நக்காமல் பக்கம் திருப்புகிற ஆள்.

பத்து நிமிடம். பதினேழு நிமிடம். பதினேழில் எண்ணிக்கையை உற்றுப் பார்த்தேன். ஐயாயிரம், ஐயாயிரத்து இரண்டு, நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. ஓடிக்கொண்டே இருந்தது.

மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அந்த ஏசியில் வியர்த்த ஒரே மனிதர். ஒரே எண்ணை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விழு விழு என்று நான், விழாதே விழாதே என்று அவர். அது எங்கள் இருவரையும் மதிக்கவில்லை.

முப்பது. நாற்பது. ஆய்வாளர் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் குடித்தார். "ஏன் தம்பி நின்னுக்கிட்டே இருக்கே? உக்காரு. காலு ரெண்டும் நாட்டியம் ஆடுது."

"பரவாயில்லைங்க."

ஐம்பது. அறுபது. காலையில் பதினேழு நிமிடத்தில் விழுந்த சனியன். ஆள் பார்க்காதபோது விழுந்து, ஆள் பார்க்கும்போது ஒழுங்காக நிற்கிறது. அதற்குக் கண் கிடையாது, எனக்குத் தெரியும். இரண்டு கோர்கள் ஒரே நொடியில் ஒரே இடத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். வருவது வரும்போது வரும்.

நாலு பத்துக்கு ஆய்வாளர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். மாமா நிமிர்ந்து நின்றார்; முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"சோதனையாளர் குறிப்புன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. யாரு பண்ணது?"

"நான்தாங்க."

"ஒண்ணும் இல்லேன்னா இல்லைன்னு எழுதிக் குடு."

"ஒண்ணும் இல்லை மேடம், எழுதிடுவான்" என்றார் மாமா.

பேனாவை என்னிடம் நீட்டினார் ஆய்வாளர். வாங்கினேன். 'இல்லை' மூன்று எழுத்து. எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஐயாயிரத்து ஒன்று. அதை ஒரு தடவை பார்த்தேன். அது எனக்காக விழப்போவதில்லை.

"மூணு நாளும் லாக்கைத் திறந்து வெச்சிருந்தேன்" என்றேன். "முழுசா. பதினாலாம் பக்கம். இந்தச் சோதனை செல்லாதுங்க."

ஆய்வாளர் அறிக்கையை மடியில் வைத்தார்.

"ஏன் திறந்தே?"

"பழக்கம்."

"இப்ப?"

"மூடியிருக்கு."

திரையைப் பார்த்தார். "விழலையே."

"காலையில ரெண்டு தடவை விழுந்துச்சு. மூடினா விழும்."

"எப்ப விழும்?"

"தெரியாதுங்க."

அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி மூடினார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. பல் வைத்தியர் அடுத்த பல்லுக்குப் போவதுபோல் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. கத்தரியையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தீயணைப்பானைப் பார்த்தார்.

"இப்பதான் மேடம் கேள்விப்படறேன்."

நான் பேசியிருக்கலாம். வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. கத்தரி நகத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்கு ஒரு உண்மைக்குத்தான் தெம்பு இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. எந்த நியாயத்தையும் யோசித்து நான் சும்மா இருக்கவில்லை. அக்காவின் முகம் வந்தது, அவ்வளவுதான்.

ஆய்வாளர் அறிக்கையின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். மறுபடி எழுபத்திரண்டு மணி நேரம், வாய் மூடி, கீபோர்டைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டு. கோபுரங்களுக்கு இப்போதைக்கு எதுவும் ஏறாது. விழுந்ததற்கான காரணம் எழுத்தில் வேண்டும். ஃபிளாஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஐந்தரைக்கு மனிதவள ஆள் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். ஒரு கவர், ஒரு கையெழுத்து. ஆறு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் எனக்கென்று இருந்தது ஒரு ஸ்வெட்டரும் ஒரு டீக் கோப்பையும். கோப்பையை விட்டுவிட்டேன்.

கத்தரி வாசல் வரை வந்தாள்.

"காரணத்தை நான்தான் எழுதணுமாம். நாளைக்குக் காலையில அனுப்பறேன். கூடவே அந்த நிரூபிக்கப்பட்டவை பட்டியலையும். கீழ யார் கையெழுத்துன்னு அவங்களே படிச்சுக்கட்டும்."

"ம்."

"மாமாகிட்டப் போய்ச் சொல்லிடாதே."

நான் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டேன். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்துட்டேன், வந்துட்டிருக்கேன், பஸ்ஸே வரல. நான் பேருந்துக்கு நிற்காமல் நடந்தேன். மூன்றாவது தெருத் திருப்பத்தில் போன் அதிர்ந்தது. கத்தரியின் செய்தி: விழுந்துடுச்சு. 5:52.

இரண்டே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறது. கூடத்தில் யாரும் இல்லாதபோது விழுந்திருக்கிறது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கால் வலித்தது.

மாமா ஏழு மணிக்கு வந்தார். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் ரெண்டு பேரும் தனித்தனியா வர்றீங்க? இவன் வந்ததுலேருந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கான். என்ன ஆச்சு?"

"கார்டு விழுந்துடுச்சு" என்றார் மாமா.

"எடுத்து வைக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு எதிரே உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தார். அந்தக் கோப்பு. வாசக்கதவு வரி மேல் கர்சர் துடித்தது. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"காலையில எத்தனை நிமிஷத்துல விழுந்துச்சு?"

"நாப்பது. அப்புறம் பதினேழு."

"எந்த ரெண்டு கோர்?"

"ரெண்டும் ஆறும்."

எழுதிக்கொண்டார். நன்றி, மன்னிப்பு, ஏன்டா என்று எதுவும் இல்லை. எங்கள் இருவருக்கும் அதெல்லாம் வராது. அக்கா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள், தண்ணீர் வைத்தாள், உட்கார்ந்தாள்.

"கத்தரி ஏதாவது சொன்னாளா?" என்றார் மாமா. குரல் சாதாரணமாக இருந்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதே மூன்று எழுத்து.

"நாளைக்குக் காரணம் எழுதி அனுப்பறா. பட்டியலையும் சேர்த்து அனுப்பறா."

அவர் தலையசைத்தார். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் டம்ளரில் இருந்த தண்ணீர் மெல்ல வட்டம் போட ஆரம்பித்தது. தட்டுகள் ஒன்றோடொன்று லேசாக உரசின.

"டேய், காலை ஆட்டாதேடா!" என்றாள் அக்கா என்னிடம். "மேசையே ஆடுது."

என் இரண்டு கால்களும் தரையில் அசையாமல் இருந்தன.